செபமும் பொறுமையும் நம் அழைத்தலும்

(நமது ஆலயப் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மூன்று நாள் தியானத்தின் நிறைவு மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





பொன்விழா என்றதும் நம் மனக்கண் முன் வருபவை யாவை? புதிதாக வெள்ளையடித்த கோபுரம், கொடியேற்றம், மின்விளக்குத் தோரணம், தேர்ப்பவனி, ஊரெல்லாம் கூடி உண்ணும் அசனம். இவை எல்லாம் வேண்டியவையே. மகிழ்ச்சியைக் கொண்டாடத் தெரியாத ஊர் நன்றி சொல்லவும் மறந்துபோகும். ஆனால் இந்த விழாவுக்கு யூபிலி என்று பெயர் வந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்த்தால், கொண்டாட்டத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெரிய உண்மை நமக்குப் புலப்படும்.

லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு ஆண்டவர் ஒரு கட்டளை தருகிறார். ஏழேழு ஆண்டுகளாக 49 ஆண்டுகளை எண்ணி, 50-ஆம் ஆண்டைப் பரிசுத்தமாக்க வேண்டும். அந்த ஆண்டில் எக்காளம் ஊதப்படும். யூபிலி என்னும் சொல்லே ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்ததுதான். அடிமையாக விற்கப்பட்டவன் விடுதலை பெறுவான். கடன்பட்டு விற்ற காணி உரிய குடும்பத்துக்குத் திரும்பும். நிலத்துக்கும் அந்த ஆண்டு ஓய்வு.

யூபிலி முடிந்த சில ஆண்டுகளுக்குள் தன் நிலத்தை இழந்த ஓர் ஏழையை எண்ணிப் பாருங்கள். அடுத்த எக்காளத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவன் காத்திருக்க வேண்டும். தன் வாழ்நாளில் அதைக் காணாமலும் போகலாம். ஆயினும் தன் பிள்ளைகளாவது அதைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையோடு அவன் ஆண்டுகளை எண்ணினான். ஆகவே யூபிலி என்பது காத்திருக்கத் தெரிந்த மக்களுக்குக் கடவுள் கொடுத்த திருநாள் அன்றோ?

ஆதலால் இந்த மாலையில் செபம், பொறுமை, அழைத்தல் என்னும் மூன்று சொற்களை நாம் சேர்ந்து தியானிக்க விரும்புகிறோம். இவை தனித்தனியான மூன்று புண்ணியங்கள் அல்ல. ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும்.

1. செபம்

நம் ஆலயத்தில் மாதா பீடத்தின் அருகே நவநாள் விண்ணப்பப் பெட்டி ஒன்று இருப்பதை அறிவீர்கள். வாரந்தோறும் அதைத் திறந்து, சீட்டுகளைப் பீடத்தில் வைத்துச் செபிப்பது நம் கடமைகளுள் ஒன்று. யார் எழுதியது என்று நாம் ஆராய்வதில்லை. ஆனால் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது பல இரவுகளில் நம்மைத் தூங்கவிடுவதில்லை.

மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும். மகன் பரீட்சையில் தேற வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு விசா கிடைக்க வேண்டும். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. கணவர் குடியை விட வேண்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு தீர வேண்டும். சில சீட்டுகளில் கையெழுத்து மாறுவதே இல்லை, வேண்டுதலும் மாறுவதில்லை. ஆண்டுகள் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன.

ஒருநாள் நவநாள் முடிந்தபின் ஒரு தாய் கேட்டார்: “சாமி, ஒம்பது வருசமா ஒரே சீட்டைத்தான் எழுதிப் போடுறேன். மாதாவுக்கு நான் எழுதுறது புரியலையா?” அவருடைய மகன் வேலைக்கென்று திருப்பூருக்குப் போனவன், வீட்டோடு தொடர்பை அறுத்துக்கொண்டவன். அந்தக் கேள்விக்குப் புத்தகப் பதில்கள் பல உண்டு. தத்துவமும் இறையியலும் பயின்றவர்களுக்கு அவற்றை ஒப்பிக்கத் தெரியும். ஆனால் ஒன்பது ஆண்டுகள் அழுத ஒரு தாயின் முகத்துக்கு நேரே அவற்றை ஒப்பிக்க நா எழாது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கேட்பவர்கள் இன்னும் நம்முடன் இருக்கிறார்கள். கேட்காமலேயே மெல்ல மெல்ல ஞாயிறு திருப்பலிக்கு வராமல் நின்றுபோனவர்களும் உண்டு. செபித்தார்கள், பதில் வரவில்லை, சத்தமில்லாமல் போய்விட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இதைப் பேசுகிறோம்.

நம்மில் பலர் செபத்தைத் தாலுகா ஆபீசில் கொடுக்கும் மனுவைப் போல எண்ணுகிறோம். மனு கொடுத்தாயிற்று, முத்திரை விழுந்தாயிற்று, இனி உத்தரவு வரவேண்டும். வராவிட்டால் சிபாரிசுக்கு ஆள் பிடிக்கிறோம். ஒரு புனிதர் தராவிட்டால் இன்னொரு புனிதரின் திருத்தலத்துக்கு வண்டி ஏறுகிறோம். திருத்தலங்களுக்குப் போவது நல்லதே. ஆனால் பரலோகத் தந்தை தாசில்தாரும் அல்லர். புனிதர்கள் தரகர்களும் அல்லர். செபம் என்பது பிள்ளை தகப்பனோடு பேசுவது. தகப்பன் தரும் முதல் வரம் அவர் தாமே.

புனித மோனிக்கம்மாளின் கதையில் ஒரு நிகழ்ச்சியை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வோம். அவருடைய மகன் அகுஸ்தினார் அறிவாளி. ஆனால் அந்நாளில் திருமறைக்கு வெளியே தறிகெட்டு வாழ்ந்தவர். 383-ஆம் ஆண்டு அவர் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து உரோமைக்குக் கப்பலேறத் தீர்மானித்தார். தாயின் கண் மறைந்தால் பிள்ளை அடியோடு கெட்டுவிடுவான் என்று மோனிக்கம்மாள் அஞ்சினார். மகன் போகவில்லை என்று பொய் சொன்னார். அதை நம்பி, அந்த இரவு முழுவதும் துறைமுகத்தின் அருகிலிருந்த புனித சிப்ரியானுடைய கோவிலில் முழந்தாளிட்டு, மகன் கடல் கடந்து போகக் கூடாது என்று மன்றாடினார். விடிந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது.

அந்தக் காலையில் அந்தத் தாயிடம், “உங்கள் செபம் கேட்கப்பட்டதா?” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஆனால் அந்தக் கப்பல்தான் அகுஸ்தினாரை உரோமைக்கும், உரோமையிலிருந்து மிலான் நகருக்கும், அங்கே ஆயராக இருந்த புனித அம்புரோசியாரிடமும் கொண்டு சேர்த்தது. 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அந்த ஆயரின் கையால் அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் தாய் ஓஸ்தியா என்னும் துறைமுக ஊரில் நிம்மதியாகக் கண் மூடினார். அவர் கேட்ட சிறிய வரத்தைக் கடவுள் மறுத்தார். அவருடைய உள்ளம் ஏங்கிய பெரிய வரத்தைக் கொடுத்தார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மோனிக்கம்மாளின் கண்ணீருக்குக் கடவுள் தந்த பதில் வானத்திலிருந்து இடியாக இறங்கவில்லை. அது அம்புரோசியார் என்னும் ஒரு மனிதராக வந்தது. தாயின் செபத்துக்கும் ஆயரின் அழைத்தலுக்கும் உள்ள இந்த உறவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

2. பொறுமை

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பனை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். விதை போட்டவன் நுங்கு தின்பது நிச்சயமில்லை. ஆனாலும் நம் முன்னோர் பனங்கொட்டையைப் புதைத்தார்கள். இன்று நாம் காணும் பனங்காடுகள் தங்களுக்கென்று கணக்குப் பார்க்காதவர்களின் பொறுமை.

புனித யாகப்பரும் தம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பொறுமைக்கு விவசாயியைத்தான் உதாரணம் காட்டுகிறார். முன்மழைக்கும் பின்மழைக்கும் காத்திருக்கும் விவசாயியைப் பார்க்கச் சொல்கிறார். விவசாயி எப்படிக் காத்திருக்கிறான்? கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டா? இல்லை. வரப்பு வெட்டுகிறான், களை எடுக்கிறான், எரு சுமக்கிறான், இரவில் மடை பார்க்கிறான். மழை பெய்விப்பது அவன் கையில் இல்லை. மழை பெய்யும்போது நிலம் ஆயத்தமாக இருக்கச் செய்வது அவன் கையில் இருக்கிறது. இதுவே கிறிஸ்தவப் பொறுமை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பொறுமை என்ற நல்ல சொல்லைச் சிலர் தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம் நாள்தோறும் அடிபடும் பெண்ணிடம், “பொறுத்துக்கொள் அம்மா, இதுதான் உன் சிலுவை” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது கிறிஸ்துவின் போதனை அல்ல. நம் ஆண்டவர் தலைமைக் குருவின் முன் நின்றபோது ஒரு காவலன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். ஆண்டவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் வாய்மூடியும் இருக்கவில்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டும்படியும், இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் அவனைக் கேட்டார். தீமையைத் தீமை என்று சொல்வது பொறுமைக்கு விரோதமானதல்ல.

ஆகவே அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பிறந்த வீடும் அன்பியமும் பங்கும் துணை நிற்க வேண்டும். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காப்பதற்கென்றே 2005-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன் உதவியை நாடுவது பாவம் அல்ல. குடிநோய்க்கு மருத்துவமும் ஆலோசனையும் உண்டு; கணவரை அதற்கு அழைத்துப் போக அவருடைய நண்பர்கள் முன்வர வேண்டும். அந்த மனிதனுக்காகச் செபிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. செபிக்கிற வாய்க்கும் அடிபடுகிற முதுகுக்கும் சம்பந்தம் இல்லாததுபோல் நாம் நடக்கக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

உண்மையான பொறுமை எவ்வளவு உறுதியானது என்பதற்கு நமக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டுப் புனிதர் தேவசகாயம் இருக்கிறார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்னும் ஊரில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர்; இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரசுப் பணியாளர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதில் பிடிபட்ட தளபதி டிலனாய் பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளிக்கலானார். அவரோடு நீலகண்ட பிள்ளைக்கு நட்பு ஏற்பட்டது.

அந்நாட்களில் பிள்ளையின் குடும்பத்தில் இழப்புக்கு மேல் இழப்பு. மனம் நொந்திருந்த நண்பருக்கு டிலனாய் சொன்னது யோபுவின் கதை. ஆடுமாடுகளை இழந்து, பிள்ளைகளை இழந்து, உடல்நலத்தையும் இழந்து, சாம்பலில் உட்கார்ந்தபோதும் கடவுளைக் கைவிடாத யோபு! யோபு மௌனமாகப் பொறுத்தவர் அல்லர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அழுதார், வாதாடினார், தாம் பிறந்த நாளையே சபித்தார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. கடவுளோடு வழக்காடுகிறவன் இன்னும் கடவுளின் வாசலில்தான் நிற்கிறான்.

அந்தக் கதை நீலகண்ட பிள்ளையின் உள்ளத்தில் விதையாக விழுந்தது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம் அது. 1749-இல் சிறைப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விலங்கு, அடி, அவமானம். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் விடவில்லை, தம்மை வதைத்தவர்களை வெறுக்கவும் இல்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பின்பு அவர் கல்லறையருகே செபித்த தலைமுறைகள் எத்தனை! 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அவர் இரத்தம் சிந்தியதற்கும் அந்த நாளுக்கும் இடையே 270 ஆண்டுகள். பனை வைத்தவர்கள் பார்க்கவில்லை; பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பார்த்தார்கள்.

3. அழைத்தல்

புனித தேவசகாயம் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மணமானவர், அரசாங்க வேலை பார்த்தவர். தேவ அழைத்தல் என்றால் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் போவது மட்டும்தான் என்று எண்ணுகிறவர்களுக்கு அவருடைய வாழ்வே பதில். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964 நவம்பர் 21 அன்று திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் 5-ஆம் அதிகாரமும் இதையே போதிக்கிறது. எந்த நிலையில் இருப்பவரானாலும் ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் பரிசுத்தத்துக்கு அழைக்கப்பட்டவர்கள்.

இப்போது முதலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன உண்மைக்கு வருவோம். யாத்திராகமத்தின் 3-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்கள் கூக்குரலிடுகிறார்கள். எரியும் முட்செடியிலிருந்து ஆண்டவர் மோயீசனிடம் பேசுகிறார். தம் மக்களின் துன்பத்தைக் கண்டதாகவும், அவர்கள் அழுகுரலைக் கேட்டதாகவும், அவர்களை விடுவிக்க இறங்கி வந்ததாகவும் சொல்கிறார். அடுத்து என்ன சொல்கிறார்? உன்னை அனுப்புகிறேன், நீ போ என்கிறார்! மக்களின் செபத்துக்குப் பதில் மோயீசனின் அழைத்தல். அந்த மோயீசன் அதற்கு முன் மாதியானில் 40 ஆண்டுகள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததாக அப்போஸ்தலர் பணி நூலில் புனித முடியப்பர் கூறுகிறார்.

பிரியமானவர்களே, ஒருவருடைய செபத்துக்குக் கடவுள் தரும் பதில், பெரும்பாலும் இன்னொருவருடைய அழைத்தலாக இருக்கிறது. இதனால்தான் இடையில் பொறுமை வேண்டியிருக்கிறது. கடவுள் மனிதர்களைக் கொண்டு பதில் சொல்கிறார். மனிதர்கள் மெதுவாகத்தான் கனிகிறார்கள்.

மோனிக்கம்மாளின் கண்ணீருக்கு அம்புரோசியார் பதில். நீலகண்ட பிள்ளையின் மனவேதனைக்கு, சொந்த நாட்டை விட்டுப் போர்க்கைதியாய் வந்த ஓர் அயல்நாட்டான் பதில். பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1786-இல் பிரான்சில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் பள்ளிப் படிப்பு இல்லை; இலத்தீன் ஏறவில்லை; குருமடத்தில் தேர்வில் தவறினார். இவன் தேறமாட்டான் என்று எல்லாரும் கைவிட்டிருந்தால் அவர் கலப்பைக்கே திரும்பியிருப்பார். எக்குல்லி என்னும் ஊரின் பங்குத்தந்தை பாலே அடிகளார் கைவிடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து மீண்டும் மீண்டும் கற்பித்தார். 1815-இல் வியான்னி குருவானார். 1818-இல் ஏறக்குறைய 230 பேர் மட்டுமே இருந்த ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். 1859-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்ய ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அந்தச் சிற்றூரைத் தேடி வந்தார்கள். அந்தப் பல்லாயிரம் பேரின் ஆறுதல், ஒரு வயதான பங்குத்தந்தையின் பொறுமையில் முளைத்தது!

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சிறுவன் சாமுவேலை ஆண்டவர் அழைத்தபோது அவனுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. மூன்று முறையும் ஏலியிடம் ஓடினான். ஏலியின் கண் மங்கியிருந்தது. ஆனாலும் அழைப்பவர் ஆண்டவர் என்று அவர்தான் கண்டுகொண்டு, பிள்ளைக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சாமுவேலோ, பிள்ளை இல்லாமல் அழுது செபித்த அன்னாளின் மகன். அவள் ஆண்டுதோறும் ஒரு சிறு அங்கி தைத்து எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போனாள். தாயின் செபம், முதியவரின் பொறுமை, பிள்ளையின் அழைத்தல் மூன்றும் ஒரே வீட்டுக் கதையாக வேதாகமத்தில் இருக்கின்றன.

நம் பிள்ளை எந்தக் குரலையாவது கேட்டு நம்மிடம் ஓடி வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “அதெல்லாம் அப்புறம், முதலில் மார்க் எடு” என்கிறோமா? குருவாகவோ கன்னியராகவோ போக விரும்பும் பிள்ளையும், நர்ஸாக நோயாளிகளுக்குப் பணி செய்ய விரும்பும் பிள்ளையும், வாத்தியாராகக் கிராமத்துப் பள்ளிக்குப் போக விரும்பும் பிள்ளையும் யாரோ ஒருவருடைய செபத்துக்குப் பதிலாகக் கடவுள் ஆயத்தம் செய்யும் ஆளாக இருக்கலாம். நாம் ஏலியாக இருக்க வேண்டும். குறுக்கே படுக்கும் கல்லாக இருக்கக் கூடாது.

திருமணம் அமையாமல், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. குழந்தைப் பேறு இல்லாத தம்பதிகள் உண்டு. உங்கள் வாழ்வு இன்னும் தொடங்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியல்ல. நீங்கள் எதிர்பார்த்த அழைத்தல் வரவில்லை. ஆனால் நீங்கள் செய்துகொண்டிருப்பதே ஓர் அழைத்தல். படுக்கையிலிருக்கும் தாய்க்குக் கஞ்சி ஊட்டும் கையை ஆண்டவர் பீடத்தின் கையைப் போலவே மதிக்கிறார்.

திருப்பூரிலிருந்த மகனுக்காக அழுத தாயைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? நம் இளைஞர்களில் ஒருவர் வேலைக்காகத் திருப்பூர் போனபோது அந்தத் தாய் மகனின் பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். இளைஞர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தம் ஓய்வைத் துறந்து, பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருக்களில் விசாரித்தார். கண்டுபிடித்தார். மகன் உடனே ஓடி வந்துவிடவில்லை. முதலில் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினான். அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் வந்து போனான். இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்பது ஆண்டு செபத்துக்கு வந்த பதில், பஸ் ஏறிப் போன ஓர் இளைஞராக வந்தது.

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. அது நம் எல்லாரையும் குத்துகிற கேள்வி. பதில் வராத சீட்டுகளில் சிலவற்றுக்காவது, ஆண்டவர் ஆளை அழைத்தும் அந்த ஆள் எழுந்து போகாமல் இருக்கிறாரோ? கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே தம் துன்பக் கிண்ணம் அகலும்படி மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை. எல்லா வேதனைக்கும் மனிதர் பதில் சொல்லிவிட முடியாது. மரணத்துக்கும் தீராத நோய்க்கும் முன்னால் நாமும் முழந்தாளிட்டு அழத்தான் முடியும். ஆனால் அந்த இரவில் ஆண்டவர் சீடர்களிடம் கேட்டது பெரிய காரியமா? ஒரு மணி நேரம் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். கல்லெறி தூரத்தில் படுத்து அவர்கள் தூங்கினார்கள். துன்பத்தை எடுத்துப் போட நம்மால் முடியாதபோதும் கூட விழித்திருக்க முடியும். அதுவும் ஓர் அழைத்தல்.

பொன்விழாத் தீர்மானங்கள்

மூன்று சிறிய தீர்மானங்களோடு இந்த உரையை முடிப்போம்.

முதலாவது, வீட்டில் குடும்பச் செபம். பதினைந்து நிமிடம் போதும். டெலிவிஷனை நிறுத்துங்கள், கைபேசிகளை வேறு அறையில் வையுங்கள். செபமாலையைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் எல்லாரும் மௌனமாக இருங்கள். நாம் பேசுவதற்கு முன் ஆண்டவர் பேச இடம் கொடுப்போம்.

இரண்டாவது, ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்து, இப்போது வராதவர்கள் உங்கள் தெருவில் யார் என்று எண்ணிப் பாருங்கள். கண்டிப்பதற்காக அல்ல, காரணம் கேட்பதற்காகப் போங்கள். அவர்கள் சொல்வதை நடுவில் மறிக்காமல் கேளுங்கள். உடனே உபதேசம் செய்யாதீர்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபின்தான் கெட்டுப்போனது!

மூன்றாவது, அடுத்த நவநாளில் விண்ணப்பச் சீட்டு எழுதும்போது, அதன் மறுபக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். முன்பக்கத்தில் நீங்கள் ஆண்டவரிடம் கேட்பது. மறுபக்கத்தில் இந்த வாரம் இன்னொருவருக்காக நீங்கள் செய்யப் போவது. உடல்நலம் கேட்பவர் ஒரு நோயாளியைச் சந்திக்கட்டும். மகனின் படிப்புக்கு வேண்டுபவர் பணமில்லாத ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வாங்கித் தரட்டும். இதைப் பேரமாகச் செய்யாதீர்கள். நான் இதைச் செய்தேன், நீர் அதைச் செய்யும் என்று ஆண்டவரிடம் கணக்கு நீட்டாதீர்கள். நாம் பதிலுக்காகக் காத்திருக்கும் வேளையில், இன்னொருவருக்குப் பதிலாக இருக்கும்படி நம்மை ஒப்புக்கொடுப்பதே இதன் பொருள்.

இந்தப் பங்கின் முதல் 50 ஆண்டுகளில் மண் சுமந்தவர்கள், கல் சுமந்தவர்கள், பிடியரிசி சேர்த்தவர்கள், மழையிலும் மறைக்கல்விக்கு வந்து சொல்லிக்கொடுத்தவர்கள், விடியற்காலையில் மணி அடித்த கோவில்பிள்ளைகள் எத்தனையோ பேர் நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் சிலவற்றை அவர்கள் காணவில்லை, நாம் காண்கிறோம். நாம் கேட்பவற்றில் சிலவற்றை நம் பிள்ளைகள் காண்பார்கள்.

சிலுவையடியில் அசையாமல் நின்ற தேவ அன்னை, மேல்மாடி அறையில் சீடர்களோடு ஒருமனப்பட்டுக் காத்திருந்த நம் தாய், நமக்கும் காத்திருக்கக் கற்றுத்தருவாராக. நம் நாட்டுப் புனிதர் தேவசகாயம் நமக்காக வேண்டிக்கொள்வாராக. அழுகுரலைக் கேட்கிற ஆண்டவர், அந்தக் குரலின் பக்கம் போக நம்மை எழுப்புவாராக.

எல்லாம் வல்ல இறைவன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.